கூப்பிட்டால் மட்டும் வரும் ஆட்-இன்

எக்செல்லுக்கு ஆட்-இன் செய்கிறவளின் பிழைப்பு இப்படித்தான்: அது ஓடும்போது அவள் இருப்பதே யாருக்கும் தெரியாது; ஓடாத அன்று வாட்ச்மேன் வரைக்கும் அவள் பெயர் தெரிந்துவிடும்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று. நான் ஒன்பதாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரை முறையாகப் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துவிட்டு, "அது அப்படி இல்லையே" என்று சொல்லலாம். முதல் பத்தியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தபோது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாடி, கவர்மெண்டுக்கு ரிப்போர்ட்டா எழுதுற? நடந்தத எழுது, போதும்" என்றார். ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதுவும் சுருக்கமாக இருக்க வேண்டும் அவருக்கு.

அதனால் நடந்ததை எழுதுகிறேன். காலையில் எக்செல்லைத் தட்டிவிட்டு, அது எப்போது திறக்கும் என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் பேச்செல்லாம் மராத்தியும் இந்தியும்தான். அவரவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தமிழில் தருகிறேன், மாறியிருந்தால் மன்னியுங்கள்.

நாற்காலி வந்த விதம்

ஹடப்சரில் வண்டிகளுக்கு ரப்பர் புஷ்ஷும் வாஷரும் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே பேக்கிங்கில் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்றபடியே பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுகிற வேலை. நாற்பது தாண்டியதும் முட்டி கெஞ்ச ஆரம்பித்தது. வானவடியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாயந்திரம் ஒவ்வொரு படியிலும் கம்பெனியை நினைத்துக்கொண்டே ஏறுவேன்.

ஒரு நாள் ஆபீசில் லேபிள் அடிக்கிற பெண் வரவில்லை. டிஸ்பாட்சுக்குப் பெரியவரான ஜாதவ் சாஹேப் பேக்கிங் ஹாலுக்கு வந்து, "யாருக்காவது எக்செல் தெரியுமா?" என்று கேட்டார். என் பெண் காலேஜ் வேலைகளை எக்செல்லில் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற தைரியத்தில் கையைத் தூக்கினேன். தூக்கின மறுநொடியே ஏன் தூக்கினோம் என்று ஆகிவிட்டது. மேலே போய் ஒவ்வொரு லேபிளாக அடித்துக்கொண்டிருந்தபோது 'ரெக்கார்ட் மேக்ரோ' என்ற பட்டன் கண்ணில் பட்டது. நாம் செய்வதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவையிலிருந்து அதுவே செய்யும் என்று பெண் சொன்னது ஞாபகம் வந்தது. பயந்துகொண்டே அமுக்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா லேபிளும் முடிந்துவிட்டது.

ஜாதவ் சாஹேப் லேபிளைப் பார்த்தார். பிறகு என் முட்டியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். மூலையில் கிடந்த ஒரு சுழல் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். மராத்தியில் அக்காவுக்குத் தாயீ. என்னை விடப் பெரியவர், ஆனாலும் அன்றிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"தாயீ, லேபிள் அடிக்கிற வரைக்கும் இந்த நாற்காலி உங்களுது, லேபிள் நின்னா நாற்காலியும் போச்சு, பேக்கிங் ஹால் எங்கயும் ஓடிடாது."

முகமில்லாத ஃபைல்

மேக்ரோவை ஒரு ஃபைலுக்குள் வைத்தால், அந்த ஃபைல் திறந்திருக்கும்போது மட்டும்தான் அது ஓடும். எந்த ஃபைலைத் திறந்தாலும் ஓட வேண்டுமென்றால் அதை ஆட்-இன்னாக மாற்ற வேண்டும். அதாவது எக்செல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிற கூடுதல் கை மாதிரி. இதை ஒரு இந்தி வீடியோவில் பார்த்துவிட்டு, என் லேபிள் ஃபைலை ஆட்-இன் என்று சேவ் செய்தேன். சேவ் ஆகிவிட்டதே என்று பழைய ஃபைலைப் பத்திரப்படுத்தாமல் மூடினேன். டெஸ்க்டாப்பில் போய்ப் பார்த்தால், வைத்த இடத்தில் இல்லை. எக்செல் தனக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறது. ஆட்-இன் என்றாலே கேட்காமல் கொள்ளாமல் அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். எனக்கு அது அன்று தெரியாது.

ஒரு வழியாகத் தேடிப் பிடித்துத் திறந்தேன். ஷீட்டே இல்லை. வெறும் சாம்பல் நிறம். செய்ததெல்லாம் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து மேஜை ரேகா, ஸ்டாக் கணக்கு பார்க்கிறவள், எழுந்து வந்தாள். "தாயீ, முதல்ல ஓடுதான்னு பாருங்க, அப்புறம் அழுங்க" என்றாள். புது ஷீட் ஒன்றைத் திறந்து, மேக்ரோவுக்கென்று நான் வைத்திருந்த கீபோர்டு சாவிகளை அமுக்கினேன். பிரிண்டர் உறுமியது. லேபிள் வந்தது. ஆட்-இன் ஆகிவிட்டால் ஷீட் கண்ணுக்குத் தெரியாதாம். ரேகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"முகத்தக் காட்டாம நாள் முழுக்க வேலை செய்யுதா? எங்க மாமியார் இத்தனை வருஷமா தேடின மருமக இதுதான் தாயீ!"

எக்செல் திறக்கிற நேரம்

ஒவ்வொரு கஸ்டமருக்கும் லேபிள் ஒவ்வொரு மாதிரி வேண்டும். ஒருவருக்குப் பார்கோடு வலது பக்கம், ஒருவருக்கு மேலே பச்சைப் பட்டை, ஒருவருக்கு எடை கொட்டை எழுத்தில். நானும் சளைக்காமல் ஆளுக்கொரு ஆட்-இன் செய்தேன். அப்புறம் பேக்கிங் ஸ்லிப்புக்கு ஒன்று, லாரி லோடுக்கு ஒன்று, தரம் பார்த்துக் கழித்த மாலுக்கு ஒன்று. எல்லாவற்றையும் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றி டிக் போட்டு வைத்தேன். எது எப்போது வேண்டியிருக்குமோ, எல்லாமே தயாராக இருக்கட்டுமே என்ற நினைப்புதான். வீட்டிலும் நான் அப்படித்தான். வெயில் காலத்திலும் கைப்பையில் குடை இருக்கும்.

விளைவு, எக்செல்லைத் தட்டினால் ஒவ்வொரு ஆட்-இன்னாகப் பெயர் சொல்லி ஏறும். ஒவ்வொன்றும் தன் தன் பார்ட் நம்பர் பட்டியலையும் தலையில் தூக்கிக்கொண்டு வரும். ரேகா காலையில் வந்ததும் எக்செல்லைத் தட்டிவிட்டு, பையைக்கூட இறக்காமல் நேரே கேன்டீனுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போதுதான் திறந்திருக்கும். "எக்செல் திறக்குது" என்றால் எங்கள் ஆபீசில் டீ என்று அர்த்தம் ஆகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதிதாகப் பிளான்ட்டுக்குத் தலைவராக வந்த குல்கர்னி மேடம் சிரிக்கவில்லை. ஒரு நாள் காலை ரேகாவின் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் என் ஆட்-இன்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறுவதை முழுக்கப் பார்த்தார். இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டார். ஜாதவ் சாஹேப் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

"அடுத்த மாசம் புது கம்ப்யூட்டர் வருது, தட்டினா எக்செல் திறக்கணும், இல்லேன்னா இங்க நாமளே செஞ்ச எதுவும் அதுல ஏறாது."

சோபாவில் எலக்ட்ரீஷியன்

லேபிள் நின்றால் நாற்காலி போச்சு. ஜாதவ் சாஹேப் சொன்ன அந்த வாக்கியம் அன்று ஸ்கூட்டியில் என் கூடவே வீட்டுக்கு வந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் பார்க்கிற பிரவீணைப் பிடித்தேன். கோயம்புத்தூர்ப் பையன், வெளிக் கம்பெனியிலிருந்து வாரத்தில் சில நாள் எங்களிடம் வருவான். சாங்வியில் வீடு. ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்ததும் கொஞ்ச நேரம் டிராபிக்கைத் திட்டுவான். திட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆபீசில் நான் தமிழில் கவலைப்படக் கிடைத்த ஒரே ஆள் அவன்தான்.

என் ஆட்-இன் வரிசையைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வீட்ல ஃபேன் ஓடலீன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன் என்றேன். "கூப்பிடுவீங்கல்ல? இங்க நீங்க எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் எல்லாரையும் காலைலயே கூட்டிட்டு வந்து சோபாவுல உக்கார வெச்சிருக்கீங்க. அப்புறம் ஹால்ல எடம் எங்கிருந்துங்க்கா வரும்? நம்பர் இருந்தாப் போதும்ல?" அவன் சொன்ன வழி இது. எக்செல்லோடு ஏறுவது ஒரே ஒரு சின்ன ஆட்-இன். அதில் பட்டன்கள் மட்டும். பெரிய ஆட்-இன்கள் எல்லாம் சர்வர் ஃபோல்டரில் தூங்கட்டும். ஆள் பட்டனை அமுக்கினால், சின்னது போய்ப் பெரியதைத் திறந்து வேலையை வாங்கும்.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உடனே வேறு பயம் பிடித்தது. எல்லாம் எப்போதும் ஏறி நிற்கும் வரை, எது வேண்டியது எது வேண்டாதது என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் மட்டும் வரும் என்று வைத்துவிட்டால், கூப்பிடவே படாதவை எவை என்று தெரிந்துவிடுமே? ஒன்றையுமே யாரும் கூப்பிடாவிட்டால்? அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிரவீண் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"கூப்பிட்டா வராத எலக்ட்ரீஷியன்தானுங்க்கா பயப்படோணும், கூப்பிட்டா வர்றவனுக்கு என்ன பயம்?"

சாத்தாராவுக்குப் போன ஃபைல்

சின்ன ஆட்-இன்னுக்குப் பட்டன் வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று. பிரவீண் ஒரு பட்டனைச் செய்து காட்டினான். அதைப் பார்த்துப் பார்த்து மற்றதை நான் செய்தேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பட்டன் வராது, ஏன் வரவில்லை என்றும் சொல்லாது. வீட்டில் இதைப் புலம்பியபோது வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த பாதுகாப்பைச் சொன்னார்: "பாஸ்வேர்ட் போட்டு வெச்சிடு. உன்ன வுட்டா எவனும் உள்ள போவ முடியாதுன்னா, உன்ன எவன் தூக்குவான்?" ஸ்டோருக்குப் பூட்டுப் போட்டே பழகியவர். என்ன வார்த்தை போடுவது என்பதையும் அவரே சொன்னார், அதையே போட்டேன். கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

பட்டன் ஓடியது. எல்லாரும் பழக ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு லேபிளில் எடை தப்பான கட்டத்தில் விழுவதைப் பார்த்தேன். சின்னத் திருத்தம். ஃபைலைத் திருத்தி சர்வரில் வைக்கப் போனால், வைக்க முடியாது என்கிறது. ரேகா அதைத் திறந்து வைத்திருக்கிறாளாம். திரும்பிப் பார்த்தேன். ரேகாவின் நாற்காலி காலி, திரை பூட்டியிருக்கிறது. எங்கள் ஆபீசில் இப்போதெல்லாம் யாரும் எக்செல்லை மூடுவதே இல்லை. அது திறக்கப் படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை திறந்தால் விடக் கூடாது என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. பட்டனை அமுக்கினாள், பெரிய ஃபைல் வந்தது, லேபிள் அடித்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான்தானே அதைப் போகச் சொல்லி எழுதவில்லை! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், வந்தார், ஃபேனைப் பார்த்தார், மறுபடியும் சோபாவில்.

ரேகா தம்பி நிச்சயதார்த்தத்துக்குச் சாத்தாரா போயிருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்றால், அவள் சேவ் செய்யாத வேலை போய்விடும். அதனால் ஃபோன் செய்தேன். பின்னால் பேண்டு வாத்தியம். நான் கத்தினேன், அவளும் கத்தினாள்.

"தாயீ, நான் இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், என் தட்டுல பூரணபோளி இருக்கு, உங்க ஃபைல் இல்ல!"

தட்டியவுடன் திறந்தது, ஆனால்

திங்கட்கிழமை அதைச் சரி செய்தேன். பெரிய ஃபைல் இனிமேல் படிக்க மட்டும் என்று திறக்கும். வேலை முடிந்ததும் தானே மூடிக்கொண்டு போய்விடும். யார் எதைத் திறந்திருந்தாலும் நான் திருத்தலாம். நன்றாக வந்த ஜோரில், மிச்சம் மீதி இருந்ததையும் அள்ளிப் பெரிய ஃபைல்களுக்கு அனுப்பினேன். சின்ன ஆட்-இன் இறகு மாதிரி ஆகிவிட்டது.

புது கம்ப்யூட்டர்கள் வந்தன. குல்கர்னி மேடமே பார்க்க வந்தார். ரேகாவைத் தட்டச் சொன்னார். தட்டினாள். எக்செல் திறந்தே விட்டது! ரேகா பழக்கத்தில் கேன்டீனுக்கு எழுந்து, பாதி வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேடத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அப்போது ரேகா அன்றைய ஸ்டாக் ஷீட்டைத் திறந்து முதல் வரியைத் தட்டினாள். பக்கத்துக் கட்டத்தில் கஸ்டமரின் பார்ட் நம்பர் வர வேண்டும். எங்கள் நம்பர் வேறு, கஸ்டமர் நம்பர் வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதைச் சொல்கிற ஃபார்முலா ஒன்றையும் நான் செய்து கொடுத்திருந்தேன். அங்கே நம்பர் வரவில்லை. ஹேஷ் போட்டு 'நேம்' என்றும் பின்னால் ஒரு கேள்விக்குறியும் வந்தது, அந்த ஃபார்முலாவையே தெரியாது என்று எக்செல் சொல்கிற விதம். அடுத்த வரியிலும் அதே. அதற்கடுத்ததிலும். கேட்டில் லாரி நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

எனக்கு உடனே புரிந்தது. பட்டனை ஆள் அமுக்குகிறார். கட்டத்துக்குள் இருக்கிற ஃபார்முலாவை யார் அமுக்குவார்கள்? அது எப்போதும் விழித்திருக்க வேண்டிய ஒன்று. நான் அதையும் சேர்த்துத் தூங்க அனுப்பிவிட்டேன். எடுத்து மறுபடியும் சின்ன ஆட்-இன்னில் ஒட்டினால் போதும். திறக்கப் போனேன். பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன், தப்பு என்றது. மறுபடி, தப்பு. புது கீபோர்டு, பின்னால் மேடம். பிரவீணுக்கு ஃபோன் செய்தால், "பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டுந்தானுங்க்கா தெரியும்" என்கிறான். நான் போட்ட பூட்டுக்கு வெளியே நானே நிற்கிறேன். கடைசியில் மேடம் முன்னாலேயே வீட்டுக்காரருக்கு அடித்தேன். "உன் பொறந்த ஊரு, மொத எழுத்து பெருசு. அத்தயும் மறந்துட்டியா?" என்று அவர் சொன்னது ஃபோனுக்கு வெளியே கேட்டது. தமிழ் ரேகாவுக்குத் தெரியாது, இருந்தாலும் சிரித்தாள். முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தேன். திறந்தது. ஃபார்முலாவை எடுத்து ஒட்டி சேவ் செய்தேன். ரேகா எக்செல்லை மூடித் திறந்தாள், ஷீட்டைக் கொண்டுவந்தாள்; ஒவ்வொரு கட்டமாக நம்பர் வந்து உட்கார்ந்தது. ஹாரன் நின்றது, லாரி போனது.

அதுவரை என்னை 'அவங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்த மேடம் என் மேஜையில் கை ஊன்றிக் குனிந்தார்.

"தாயீ, பூட்டு திருடனுக்குப் போடறது, இந்த ஆபீஸ்ல திருடன் யாரு?"

யாரும் அமுக்காத காலை

என் ஆட்-இன் புது கம்ப்யூட்டரில் ஏறலாம் என்று சொல்லிவிட்டார் மேடம். நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தேன். எக்செல் எல்லார் மேஜையிலும் பளிச்சென்று திறந்திருக்கிறது. என் பட்டன்கள் மேலே வரிசையாக நிற்கின்றன. ஒருவரும் அமுக்கவில்லை. ரேகா ஸ்டாக் பார்க்கிறாள், ஜாதவ் சாஹேப் ஃபோனில் இருக்கிறார். கழித்த மாலுக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிறேனே, அதைத் தொட ஆள் இல்லை. பச்சைப் பட்டை லேபிள் கேட்ட கஸ்டமர் இப்போது நம்மிடம் வாங்குவதே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேக்கிங் ஹாலில் டேப் கிழிகிற சத்தம் மேலே வரை கேட்டது.

சாப்பாட்டுக்கு முன்னால் பிரிண்டர் உறுமியது. யாரோ அமுக்கியிருக்கிறார்கள்! எழுந்து ஓடினேன். பெரிய ஃபைல் வந்து, அடித்து, போய்விட்டது. அதற்கப்புறம் விடாமல் உறுமியது. சில பட்டன்களை யாரும் தொடவில்லை; அவற்றை நானே எடுத்துவிட்டேன். எடுத்தபோது நினைத்த அளவு வலிக்கவில்லை. மிச்சம் இருந்தவற்றுக்கு ஓய்வே இல்லை. அந்த வாரமே ஒரு புது கஸ்டமரின் ஸ்டோரிலிருந்து ஃபோன் வந்தது. ஜாதவ் சாஹேப் எடுத்தார். சதுரக் கோடு, அதாவது க்யூஆர் கோடு, போட்ட லேபிள் வேண்டுமாம். இவர் என்னென்னவோ விளக்கப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"சாஹேப், நீங்க சொல்றது எனக்குப் புரியல, உங்ககிட்ட லேபிள் தாயீன்னு ஒருத்தர் இருக்காங்களாமே, அவங்ககிட்ட கொடுங்க."

குடியாத்தத்தில் ஃபோன்

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். இந்த நாற்காலிக்கு வந்த பிறகு நான் ஊருக்குப் போனதே கிடையாது. நான் இல்லாதபோது ஏதாவது நின்றுவிட்டால் என்ற பயம். இந்தத் தடவை போவது என்று முடிவு செய்தேன். போவதற்கு முன்னால் பாஸ்வேர்டை எடுத்தேன். எந்த வரி என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே இந்தியில் எழுதி வைத்தேன். ரேகாவை என் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பட்டனை அவள் கையாலேயே செய்ய வைத்தேன். புள்ளி விட்டுப்போய் அவளும் என்னை மாதிரியே முழித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். சர்வரே படுத்துவிட்டாலும் லேபிள் நிற்கக் கூடாது என்று, மேக்ரோ எதுவும் இல்லாத, கையால் நிரப்புகிற வெறும் லேபிள் ஷீட் ஒன்றையும் எல்லார் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்தேன்.

கல்யாண வீட்டில் ஃபோனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். முகூர்த்தம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, ஒரு அழைப்பும் இல்லை. வீட்டுக்காரர், "நிம்மதியா கீறியா?" என்று கேட்டார். யாரும் கூப்பிடவில்லையே என்று கவலையாக இருக்கிறது என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ரயில் ஏறும்போதுதான் ரேகா பேசினாள்.

"தாயீ, இங்க எல்லாம் ஓடுது, சதுரக் கோடு லேபிளையும் நானே அடிச்சேன், ஆனா உங்க நாற்காலியில உட்கார்ந்தா கால் தரைக்கு எட்டல, சீக்கிரம் வாங்க."

கடைசியாகச் செய்தது

வந்து சேர்ந்த அன்று எல்லாரும் டீக்குப் போயிருந்தபோது, அந்த நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் மார்க்கரால் என் பெயரை மராத்தியில் எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் ஜாதவ் சாஹேப் கையில் டம்ளரோடு நிற்கிறார்.

"தாயீ, சைடுலயே எழுதியிருக்கலாமே, இனிமே அத யாரு கேக்கப் போறாங்க?"

ஆக, கூப்பிட்டால் மட்டும் வந்து, வேலை முடிந்ததும் எழுந்து போகிற பக்குவம் என் ஃபைல்களுக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னும் வராததால்தான் எக்செல் திறப்பதற்கு முன்னாலேயே தினமும் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.